மடல் நமது... பெட்டி யாருடையது?



ஆண்டு மலர் என்றால் கவிதை இருக்கும், பிரிவுரை இருக்கும், மூன்று வருட நினைவுகள் இருக்கும். அதற்கு நடுவே ஈ-மெயிலைப் பற்றி ஒரு கட்டுரையா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இன்னும் சில மாதங்களில் நம்மில் பலர் கையில் டிப்ளமோவுடன் வெளியே போகப்போகிறோம். இன்டர்வியூ அழைப்பு, அப்ரண்டிஸ் உத்தரவு, ஆஃபர் லெட்டர் எதையும் இன்றைக்குத் தபால்காரர் சைக்கிளில் கொண்டுவருவதில்லை. எல்லாம் மெயிலில்தான். அந்த மெயில் எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று என்றைக்காவது யோசித்திருக்கிறோமா?

"என்னப்பா பெரிய விஷயம்? போன்ல ஜிமெயில் இருக்கு. தட்டினா வருது. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

ஹாஸ்டலில் இந்தப் பேச்சை எடுத்தால் வருகிற முதல் பதில் இதுதான். யோசிக்க நிறைய இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி.

ஜன்னலில் நிற்பதா, வீட்டில் பெறுவதா?

விஷயத்தை எளிமையாகப் பார்ப்போம். உங்களுக்கு வரும் கடிதங்களை எல்லாம் செங்கல்பட்டு தலைமை அஞ்சலகத்திலேயே ஓர் அறையில் வைத்துக்கொள்கிறார்கள் என்று வையுங்கள். நீங்கள் ஒவ்வொரு முறையும் போய் ஜன்னலில் நின்று, பெயரைச் சொல்லி, கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். இதுதான் வெப்மெயில். பிரவுசரில் நாம் பார்ப்பது சர்வரில் இருக்கும் கடிதத்தின் காட்சி மட்டுமே. ஜன்னலை மூடினால் நம் கையில் ஒன்றும் இல்லை.

அதே கடிதத்தைத் தபால்காரர் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார், நீங்கள் அதைப் படித்து உங்கள் டிரங்குப் பெட்டியில் அடுக்கி வைக்கிறீர்கள். இதுதான் டெஸ்க்டாப் மெயில் புரோகிராம். அன்றைய யுடோரா, அவுட்லுக் எக்ஸ்பிரஸ், இன்றைய தண்டர்பேர்ட் எல்லாம் இந்த ஜாதி. கடிதம் நம் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஃபைலாக உட்கார்ந்துகொள்கிறது. கரண்ட் இல்லாவிட்டாலும், டவர் இல்லாவிட்டாலும், லேப்டாப் பேட்டரியில் சார்ஜ் இருக்கும்வரை திறந்து படிக்கலாம்.

அப்படியானால் போனில் இருக்கும் ஆப்? அது இரண்டுக்கும் நடுவே. ஜிமெயில் ஆப் சாதாரணமாகக் கடைசி 30 நாள் மெயிலைத்தான் போனில் பிடித்து வைக்கிறது. அதற்கு முந்தையது வேண்டுமென்றால் மறுபடியும் ஜன்னலுக்குத்தான் போக வேண்டும்.

கொஞ்சம் பழைய கதை

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. வி.எஸ்.என்.எல். கொடுத்தது. சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் முதலில் வந்தது. மாணவர்கள் வாங்கிய ஷெல் அக்கவுண்ட்டில் படம் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, பைன் என்றொரு மெயில் புரோகிராம். டெலிபோன் லைன் வழியே மோடம் கத்திக்கொண்டே இணைக்கும். நிமிஷத்துக்கு நிமிஷம் போன் பில் ஏறும்.

அந்தக் காலத்தில்தான் டெஸ்க்டாப் மெயிலின் அருமை தெரிந்தது. ஸ்டீவ் டோர்னர் என்பவர் 1988-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் எழுதிய யுடோரா அப்போது உலகமெங்கும் பிரபலம். லைனைத் துண்டித்துவிட்டு நிதானமாகக் கடிதம் எழுதலாம். எழுதியதை எல்லாம் ஓரிடத்தில் சேர்த்துவைத்து, லைன் போட்டு, அனுப்பவேண்டியதை அனுப்பி, வந்ததை இறக்கி, உடனே துண்டிக்கலாம். ஐந்து நிமிட பில்லில் பத்துக் கடிதம்!

பிறகு வந்தது ஹாட்மெயில். பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியாவும் அவருடைய நண்பர் ஜாக் ஸ்மித்தும் 1996 ஜூலை 4 அன்று அதைத் தொடங்கினார்கள். வேலை செய்த அலுவலகத்தில் இருந்து சொந்த மெயிலைப் பார்க்க முடியவில்லை, கம்பெனியின் ஃபயர்வால் தடுத்தது. பிரவுசர் எங்கே இருக்கிறதோ அங்கேயே மெயிலையும் பார்த்தால் என்ன என்ற கேள்வியில் பிறந்ததுதான் ஹாட்மெயில். 1997 கடைசியில் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கிவிட்டது.

இந்த வசதியின் பெருமையை மாமல்லபுரத்துக்காரர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஒத்தவாடைத் தெருவில் தங்கிய வெள்ளைக்காரப் பயணியிடம் முதுகில் ஒரு மூட்டை இருந்தது, கம்ப்யூட்டர் இல்லை. பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரத்துக்குக் காசு கொடுத்து உட்கார்ந்தால் ஊரில் இருக்கும் அம்மாவின் கடிதத்தைப் படிக்கலாம். சொந்த மெஷின் இல்லாதவனுக்கு வெப்மெயில் ஒரு வரப்பிரசாதம். இதை யாரும் மறுக்க முடியாது.

2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் வந்தது. ஹாட்மெயில் 2 எம்.பி. கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் 1 ஜி.பி. தருகிறோம் என்றதும் ஏப்ரல் ஃபூல் என்றே பலர் நினைத்தார்கள். அன்றிலிருந்து மெயிலை இறக்கி வைக்கும் பழக்கம் மெல்ல மெல்ல மறைந்தது. எதற்கு இறக்க வேண்டும், அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

வெப்மெயில் பக்கத்து நியாயம்

எதிர்க்கட்சியின் நியாயத்தையும் சொல்லிவிடுவதுதான் முறை.

ஒன்று, லேப் கம்ப்யூட்டர். நாற்பது பேர் மாறி மாறி உட்காரும் மெஷினில் டெஸ்க்டாப் புரோகிராமைப் போட்டு நம் மெயிலை இறக்கி வைப்பது, வீட்டுச் சாவியை பஸ் ஸ்டாண்டில் மாட்டிவிட்டு வருவது போல. அங்கே வெப்மெயில்தான் சரி. பார்த்துவிட்டு லாக்-அவுட் செய்துவிட்டு எழுந்திருக்க வேண்டும்.

இரண்டு, வைரஸ். 1999 மார்ச்சில் மெலிஸா, 2000 மே மாதம் 'ஐ லவ் யூ' என்று இரண்டு வைரஸ்கள் உலகையே ஆட்டிவைத்தன. இரண்டும் மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்கின் அட்ரஸ் புக்கைத் திறந்து தானாகவே அடுத்தவர்களுக்கு மெயில் அனுப்பின. டெஸ்க்டாப் புரோகிராமில் அலட்சியமாக அட்டாச்மென்ட்டைத் திறந்தால் அடி நம் மெஷினுக்கே. பெரிய வெப்மெயில் கம்பெனிகள் வாசலிலேயே சோதித்துக் குப்பையைத் தள்ளிவிடுகின்றன.

மூன்று, லேப்டாப் தொலைந்தால், டிஸ்க் போனால்? கூகுளிடம் பல பிரதிகள் உண்டு. நம்மிடம் ஒன்றே ஒன்று.

எல்லாம் சரிதான். அதனால்தான் "வெப்மெயிலை விட்டுவிடுங்கள்" என்று நான் சொல்ல வரவில்லை. "வெப்மெயிலை மட்டும் நம்பாதீர்கள்" என்கிறேன். ஏன்?

கடல் கொண்ட கோயில்கள்

மாமல்லபுரத்தில் ஏழு கோயில் இருந்தன, ஆறைக் கடல் கொண்டது, மிஞ்சியது கடற்கரைக் கோயில் ஒன்று என்று பாட்டிமார் சொல்வார்கள். அது கதையோ நிஜமோ, ஈ-மெயில் உலகத்தில் அப்படிக் கடல் கொண்டவை நிஜமாகவே உண்டு. ஒரு காலத்தில் நம் நாட்டில் லட்சக்கணக்கானோர் வைத்திருந்த இந்தியாடைம்ஸ் மெயில் 2013-இல் மூடப்பட்டது. இறக்கி வைத்தவனுக்குக் கடிதம் மிஞ்சியது. மற்றவனுக்கு மிஞ்சியது ஞாபகம் மட்டும்.

"அதெல்லாம் சின்ன கம்பெனி. கூகுள் எங்க போகப்போவுது?" என்பீர்கள். கூகுள் போகாது. நம் அக்கவுண்ட் போகலாம். இரண்டு வருஷம் தொடாமல் கிடக்கும் தனிநபர் அக்கவுண்ட்டை அழிப்போம் என்று கூகுள் 2023 மே மாதம் அறிவித்து, அந்த ஆண்டு டிசம்பரில் இருந்து அழிக்கவும் தொடங்கியது. நம்மில் எத்தனை பேர் போன் வாங்கிய கடையிலேயே "ஐடி போட்டுக் குடுங்கண்ணா" என்று மெயில் முகவரி வாங்கியவர்கள்? பாஸ்வேர்ட் கடைக்காரருக்குத்தான் தெரியும். போன் மாறும்போது புது ஐடி. பழைய ஐடியில் இருந்தவை அங்கேயே அனாதை.

பாஸ்வேர்ட் மறந்தால் ஓ.டி.பி. வருமே என்றால், அந்த நம்பர் இன்னும் உங்களிடம் இருக்கிறதா? பேலன்ஸ் இல்லாத ப்ரீபெய்ட் சிம்மைத் தொடர்ந்து 90 நாள் உபயோகிக்காவிட்டால் அந்த நம்பரைத் துண்டித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். ஆஃபருக்காக ஆறு மாதத்துக்கு ஒரு சிம் மாற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது காலேஜ் ஐடி. கல்வி நிலையங்களுக்கு அளவில்லாமல் இடம் கொடுத்துவந்த கூகுள், 2021-இல் கொள்கையை மாற்றியது. 2022 ஜூலையில் இருந்து ஒரு நிலையத்துக்கு அடிப்படையாக மொத்தம் 100 டி.பி. என்று வரம்பு. இடம் குறைந்தால் நிர்வாகம் யாருடைய பெட்டியை முதலில் காலி செய்யும்? படித்து முடித்துப் போனவனுடையதைத்தான். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெட்டியில்தானே நம் புராஜெக்ட் ரிப்போர்ட், கைடு சார் திருத்தி அனுப்பிய டிராயிங், இன்பிளான்ட் டிரெய்னிங் சர்டிபிகேட் எல்லாம் இருக்கின்றன!

கூகுளே என்ன செய்கிறது தெரியுமா? 2011 பிப்ரவரி கடைசியில் ஒரு சாஃப்ட்வேர் கோளாறில் 0.02 சதவீத ஜிமெயில்காரர்களின் பெட்டி காலியாகத் தெரிந்தது. பல சர்வர்களில் இருந்த பிரதிகளுக்கும் அதே கதி. கடைசியில் காப்பாற்றியது பழைய கால மேக்னட்டிக் டேப்! தனியாக எடுத்து வைத்திருந்த டேப்பில் இருந்துதான் மெயில்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய கம்பெனியே தன் மெயிலுக்குத் தனியாக ஒரு பிரதி எடுத்து வைக்கிறது. நமக்கு மட்டும் அது வேண்டாமா?

நம் மாவட்டத்திலேயே ஒரு பாடம்

ஜி.எஸ்.டி. ரோட்டில் கூடுவாஞ்சேரி தாண்டும்போது நாம் பார்க்கும் வளாகத்தில்தான் ஜோஹோ இருக்கிறது. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009-இல் ஜோஹோ என்று பெயர் மாறிய கம்பெனி. பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்தவர்களை எடுத்துப் பயிற்சி கொடுத்து வேலையும் தருவதால் நமக்கெல்லாம் தெரிந்த பெயர்தான்.

2025 அக்டோபரில் ஒரு செய்தி வந்தது. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மெயில், தேசியத் தகவலியல் மையத்தின் பழைய ஏற்பாட்டில் இருந்து ஜோஹோவின் தளத்துக்கு மாற்றப்பட்டது என்று. செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்களுக்குப் பெருமைதான். ஆனால் பெருமையோடு ஒரு பாடத்தையும் கவனிக்க வேண்டும். சர்வர் மாறியது, திரை மாறியது. முகவரி மாறவில்லை! ஏன்? அந்த முகவரியின் வால் அரசுக்குச் சொந்தம். எந்தக் கம்பெனியின் கிடங்கில் வைத்தாலும் முகவரி அரசோடுதான் இருக்கும்.

இதிலிருந்து தெரிவது என்ன? மெயில் என்பது ஒரு பொருள் அல்ல, மூன்று பொருள். முகவரி ஒன்று, கடிதம் கிடக்கும் கிடங்கு ஒன்று, படிக்கும் கண்ணாடி ஒன்று. வெப்மெயிலில் மூன்றும் ஒரே கம்பெனியின் கையில். அவன் கதவைச் சாத்தினால் மூன்றும் ஒரே நாளில் போகும். டெஸ்க்டாப் புரோகிராம் மூன்றில் ஒன்றையாவது, ஏன், கடிதத்தின் ஒரு பிரதியோடு சேர்த்து இரண்டை, நம் கைக்குக் கொண்டுவருகிறது. சொந்தமாக ஒரு டொமைன் பெயரை ஆண்டுக்குச் சில நூறு ரூபாயில் வாங்கினால் மூன்றாவதும் நம்முடையதே. நாளைக்குச் சொந்தத் தொழில் தொடங்கும் எண்ணம் உள்ளவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு ஆர்டர் எடுக்கும் மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறையை நினைத்துப் பாருங்கள். சிலையின் அளவு, படம், முன்பணம் பற்றிய பேச்சு எல்லாம் மெயிலில்தான் என்றால், அந்தப் பெட்டி ஒருநாள் திறக்காவிட்டால் நஷ்டம் யாருக்கு?

எப்படிச் செய்வது?

நாம் படிப்பது டிப்ளமோ. "ஏன்" என்று மட்டும் பேசிவிட்டுப் போனால் எப்படி? "எப்படி" என்பதையும் பார்ப்போம்.

மெயிலை இறக்க இரண்டு முறைகள் உண்டு. பாப் என்பது பழையது. சர்வரில் இருப்பதை நம் மெஷினுக்கு இறக்கும். "சர்வரிலும் ஒரு பிரதி இருக்கட்டும்" என்று டிக் செய்யாவிட்டால் அங்கே அழித்தும்விடும். ஐமேப் என்பது மார்க் கிரிஸ்பின் 1986-இல் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கியது. சர்வரையும் நம் மெஷினையும் ஒரே மாதிரி வைத்திருக்கும். போன், லேப்டாப், வெப் மூன்றிலும் ஒரே காட்சி வேண்டுமென்றால் ஐமேப்தான் வசதி.

ஆனால் ஒரு எச்சரிக்கை! ஐமேப் காட்டுவது சர்வரின் நிழல். சர்வரில் அழிந்தால் இங்கேயும் அழியும். ஐமேப் போட்டுவிட்டேன், இனிக் கவலை இல்லை என்று தூங்கக் கூடாது. தண்டர்பேர்டில் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கிறது. முக்கியமான கடிதங்களை அதற்குள் காப்பி செய்தால்தான் அது உண்மையில் நம் பெட்டி. பிறகு அந்த ஃபோல்டரை ஒரு பென்டிரைவிலும் போட்டுவையுங்கள். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜி.பி. முழுவதும் நிரம்பினாலும் 32 ஜி.பி. பென்டிரைவில் பாதிதான் வரும்.

தண்டர்பேர்டுக்குக் காசு இல்லை. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். முதல் பதிப்பு 2004 டிசம்பரில் வந்தது. 2012-இல் மொஸில்லாவே இதற்கான வேலையைக் குறைத்துக்கொண்ட பிறகும் தன்னார்வலர்கள் தாங்கிப் பிடித்தார்கள். மெயிலை அது சேமிப்பது எம்பாக்ஸ் என்ற சாதாரண டெக்ஸ்ட் முறையில். நாளைக்குத் தண்டர்பேர்டே இல்லாமல் போனாலும் வேறொரு புரோகிராமில் திறக்கலாம்.

இன்னொரு விஷயம். டெஸ்க்டாப் என்று பெயர் போட்டதெல்லாம் டெஸ்க்டாப் அல்ல. விண்டோஸோடு வந்த பழைய மெயில் ஆப்புக்கான ஆதரவு 2024 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. அதற்குப் பதில் வந்த புதிய அவுட்லுக்கில் வேறு கம்பெனியின் மெயிலைச் சேர்த்தால், அது மைக்ரோசாஃப்ட் சர்வர் வழியாகவும் ஒரு சுற்று சுற்றுகிறது. எனவே புரோகிராமின் பெயரைப் பார்க்காதீர்கள். கடிதம் எங்கே உட்காருகிறது என்று பாருங்கள்.

"லேப்டாப் இல்லையே சார்?"

நியாயமான கேள்வி. நம்மில் பாதிப் பேருக்கு மேல் கையில் இருப்பது போன் மட்டும்தான். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினி பல வீடுகளில் அண்ணனோ அக்காவோ வாங்கிவந்து இன்னும் அலமாரியில் இருக்கிறது. பழைய மெஷின்தான். ஆனால் கேம் ஓடாத மெஷினிலும் மெயில் ஓடும்! 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கருவி தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. கைக்கு வருகிறவர்கள் முதல் நாளே இதைச் செய்யலாம்.

அதுவும் இல்லையென்றால், கூகுள் டேக்அவுட் என்ற வசதி இருக்கிறது. நம் மெயில் முழுவதையும் ஒரே எம்பாக்ஸ் ஃபைலாகக் கொடுத்துவிடும். நண்பனின் லேப்டாப்பில் உட்கார்ந்து இறக்கி, நம் பென்டிரைவில் போட்டுக்கொண்டு, அங்கே இருப்பதை அழித்துவிட்டு, லாக்-அவுட் செய்துவிட்டு வரலாம். செமஸ்டருக்கு ஒருமுறை செய்தால் போதும்.

நம் கரைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2016 டிசம்பரில் வார்தா, 2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலேயே கரையைக் கடந்த மாண்டஸ், 2023 டிசம்பரில் மிக்ஜாம். டிசம்பர் வந்தாலே கரண்டும் டவரும் எப்போது போகும் என்று தெரியாத ஊர் நம்முடையது. மறுநாள் இன்டர்வியூவுக்குப் போகவேண்டிய இடத்தின் முகவரி மெயிலில் இருக்கிறது, மெயில் டவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்றால் யாரைத் திட்டுவது? வங்காள விரிகுடாவையா?

மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள்

நம் மாணவர் மன்றத்தின் முன் மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். காலேஜ் மெயில் ஐடியை மூடும் தேதியை மூன்று மாதத்துக்கு முன்பே நோட்டீஸ் போர்டில் போடச் சொல்ல வேண்டும். கடைசி செமஸ்டரில் லேப் நேரத்தில் ஒரே ஒரு மணி நேரம், மெயிலை எப்படி இறக்குவது என்று எல்லா டிபார்ட்மெண்ட்டுக்கும் சொல்லித்தர வேண்டும். சிவில், மெக்கானிக்கல் நண்பர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கம்ப்யூட்டர்காரனுக்கு மட்டுமா மெயில் வருகிறது? மூன்றாவது, வேலைக்கு விண்ணப்பம் போடும்போது காலேஜ் ஐடியைக் கொடுக்காமல் சொந்த ஐடியைக் கொடுக்கச் சொல்லி ஜூனியர்களுக்கு முதல் வருஷத்திலேயே சொல்லிவைக்க வேண்டும்.

டெஸ்க்டாப்பா, வெப்மெயிலா என்ற பட்டிமன்றத்தில் என் தீர்ப்பு இதுதான். படிப்பதற்கு வெப்மெயில், வைத்துக்கொள்வதற்கு டெஸ்க்டாப். தினமும் ஜன்னலில் நின்று படியுங்கள், தப்பில்லை. வாரத்துக்கு ஒருநாள் வீட்டுப் பெட்டியிலும் ஒரு பிரதி விழட்டும்.

நம் தாத்தாக்கள் பத்திரத்தையும் மணியார்டர் ரசீதையும் டிரங்குப் பெட்டியில் பூட்டிவைத்தார்கள். அடுத்தவர் வீட்டுப் பரணில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கே அது தெரிந்திருந்தது. டிப்ளமோ வாங்கப்போகும் நமக்கு அந்த அளவு ஜாக்கிரதை வேண்டாமா?

சிந்திப்போம்... இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்வோம்!

– மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல்